செத்தவனின் சாவி

போன் அலறியது.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டோடு ஓடிவந்து எடுத்தாள்.

"மேடம்... செக்யூரிட்டி பேசறேன்..."

"சொல்லுங்க."

"உடனே கிளம்பி வாங்க மேடம். சர்வர் ரூம்ல கேஸ் திறந்துக்கிச்சு..."

"ஐயோ! உள்ளே யாராவது...?"

மறுமுனையில் ஆட்கள் ஓடும் சத்தம்.

"கேக்கறேன்ல! யாரு உள்ளே?"

"உங்க தம்பி மேடம்..."

"உயிர் இருக்கா?"

"கதவைத் திறந்தப்பவே... இல்லை மேடம்!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் ஆடியது. ஆடியது சுவரல்ல, தான்தான் என்பது புரியச் சிறிது நேரம் பிடித்தது.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"யாருடி போன்ல? சிண்டுவா? ராத்திரியும் வரலை, விடிஞ்சும் காணோம். வேலை சோறு போடும்தான்... அதுக்காக வேலையையே சோறா தின்னுவானா? வீட்டுக்கு வரச் சொல்லு!"

"சொல்றேம்மா..."

ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அம்மாவின் செருப்புமாகத் தெருவில் இறங்கி ஓடினாள்.

*

அந்தக் கம்பெனியின் தொழில் இடத்தை வாடகைக்கு விடுவது. வீடு அல்ல, கடை அல்ல... கம்ப்யூட்டருக்குள் இடம்!

ஒரு பெரிய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் பல கம்ப்யூட்டர்கள் ஓடும். விரலால் தொட முடியாத வர்ச்சுவல் மெஷின்கள். அவை தங்கள் தகவலைச் சேமித்து வைக்க, டிஸ்க்குகளை மொத்தமாகச் சேர்த்து உருவாக்கிய இடத்துக்கு ஆபீஸில் 'தொட்டி' என்று பெயர்.

தொட்டியை யாரும் கையால் திறப்பதில்லை. ஏபிஐ என்கிற புரோகிராம் வாசல் வழியாக ஆணை அனுப்ப வேண்டும். ஆணையோடு சாவியும் போக வேண்டும். இரும்புச் சாவி அல்ல. ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த ரகசிய எழுத்துக்கள். யாருடைய சாவியில் என்ன ஆணை வந்தது என்பது அப்படியே பதிவாகும்.

அந்த வாசலைக் கட்டியவன் சிண்டு. தொட்டிகளைப் பராமரிப்பவள் அவன் அக்கா. இருவருக்கும் மேலே மேனேஜர்... அக்காவின் கணவன்.

ஒரே குடும்பம். ஒரே ஆபீஸ்.

சர்வர் ரூமுக்கு வெளியே, தரையில், சிண்டு.

குளிரூட்டிய அறையில் போட்டுக்கொள்ளும் பழைய ஸ்வெட்டர். கழுத்தில் தொங்கும் இரைச்சல் தடுப்பான். பாதி திறந்த வாய். எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்ட மாதிரி.

அவள் அவன் கையை எடுத்தாள். விரல் நகங்கள் உடைந்திருந்தன!

"போயிட்டான்டி...!" கணவன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். கண்கள் வீங்கியிருந்தன. "நான் சீக்கிரம் வந்தும் பிரயோஜனமில்லாமப் போச்சே! விடியறதுக்குள்ள ஓடி வந்தேனே... பக்கத்து அறையில உக்காந்திருந்தும் காப்பாத்த முடியலையே!"

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தத் தோள் ஒன்றுதான்.

"மேடம்... ஒரு நிமிஷம்."

மூக்கைக் கைக்குட்டையால் துடைத்தபடி இன்ஸ்பெக்டர் வந்தார். கடுமையான ஜலதோஷம். கண்கள் மட்டும் ஜலதோஷம் பிடிக்காத கண்கள்.

"தீ பிடிச்சா அணைக்கிறதுக்கு வச்ச கேஸாமே?"

"ஆமா சார்... நெருப்புக்குக் காத்து கிடைக்காமப் பண்ணிடும்."

"நெருப்புக்கும் மனுஷனுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்..." ஒரு தும்மல் போட்டார். "விசை எங்கே இருக்கு?"

"உள்ளே ஒண்ணு. வெளியே ஒண்ணு."

"கதவு?"

"உள்ளேர்ந்து தள்ளினா எப்பவும் திறக்கும் சார். பூட்டவே முடியாது."

"திறந்துக்கிட்டு வந்திருக்கலாம். வரலை. அப்ப அவரே விசையை இழுத்திருக்கார்னுதானே அர்த்தம்?"

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை சார்! நகத்தைப் பாருங்க... கதவைப் பிறாண்டியிருக்கான்!"

"சாகணும்னு போறவங்களுக்குக் கடைசி நொடியில மனசு மாறும்மா. அப்ப கை வேலை செய்யாது. நானும் நிறையப் பாத்துட்டேன்."

கணவன் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் சார்... நேத்து மத்தியானம் ஆம்புலன்ஸ் கால் சென்டர் மெஷினெல்லாம் உறைஞ்சு நின்னுது. அது எங்க தொட்டியிலதான் ஓடுது. கூப்பிட்டவங்களுக்கு வண்டி போகலை. ஒரு பெரியவர்... ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு..."

"தெரியும். பேப்பர்ல போட்டிருந்தான். அதுக்கும் இவருக்கும்?"

"இவன்தான் தப்பா ஒரு ஆணையைப் போட்டுத் தொட்டியை நிறுத்திட்டான். சாயந்திரம் அந்த ஆம்புலன்ஸ் மெஷினை மட்டும் வேற தொட்டிக்கு மாத்தினோம். பழைய தொட்டியை அப்படியே விட்டுட்டோம். 'என்னால ரெண்டு உயிர் போச்சே மாமா'ன்னு ராத்திரி நான் வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் புலம்பினான்..."

அவள் நிமிர்ந்தாள்.

நேற்று அவள் லீவு. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். சாயந்திரம் சிண்டு போன் பண்ணினான். 'வந்து பேசறேன்க்கா. போன்ல வேணாம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அவன் சொல்ல இருந்தது இதுதானா?

"உள்ளேயும் வெளியேயும் கேமரா இருக்குல்ல?" இன்ஸ்பெக்டர் கேட்டார். "பதிவைப் போட்டுக் காட்டுங்க. கதை முடிஞ்சுது."

"அதுவும் போச்சு சார்." கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேமரா பதிவு அந்தப் பழைய தொட்டியிலதான் இருந்துது. சாகறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியையே அழிச்சிட்டுப் போயிட்டான். அவன் சாவியிலதான் ஆணை வந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

அந்த 'டப்' சத்தத்தில் சிண்டுவின் வாழ்க்கை முடிந்தது. கொலைகாரன், கோழை, தற்கொலை செய்துகொண்டவன்... மூன்று பட்டங்களோடு!

"நீ இங்கே இரும்மா," கணவன் அவள் தலையை வருடினான். "அத்தைகிட்ட நான் போய்ச் சொல்றேன். போன்ல சொல்ற விஷயமா இது? அவங்க தாங்க மாட்டாங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

எவ்வளவு நல்ல மாப்பிள்ளை! செக்யூரிட்டிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

சிண்டுவை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

அவள் தன் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அதன் முதுகில் அவன் மழைக்கோட்டு.

அழுகை வரவில்லை. கை தன் போக்கில் கம்ப்யூட்டரைத் திறந்தது. ஆணைப் பதிவு.

சிண்டுவின் சாவி. விடிகாலை. இரண்டே இரண்டு ஆணைகள்.

தொட்டி: டெஸ்ட்ராய்.

தொட்டியின் பெயர்: நீக்கு.

அவள் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்தாள்!

"சார்! இன்ஸ்பெக்டர் சார்!"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி ஓடிவந்தார்.

"என்னம்மா?"

"இது என் தம்பி போட்ட ஆணை இல்லை!"

"அவர் சாவின்னு உங்க வீட்டுக்காரரே..."

"சாவி அவனோடதுதான். கை அவனோடது இல்லை! இங்கே பாருங்க. 'டெஸ்ட்ராய்'னு போட்டிருக்கா?"

"அழிச்சிடுன்னு அர்த்தம். எனக்கும் அந்த அளவுக்குத் தெரியும்."

"அதான் இல்லை சார்! வார்த்தைதான் அப்படிப் பயமுறுத்தும். இந்த ஏபிஐல டெஸ்ட்ராய்னா தொட்டியை நிறுத்துன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருக்கிறது ஒரு துளி போகாது. அப்புறம் பேரை நீக்கியிருக்கு. அதுலயும் ஒண்ணும் அழியாது. கடையைச் சாத்திட்டு போர்டைக் கழட்டின மாதிரி. சரக்கு உள்ளேயே இருக்கும்!"

"அப்ப நிஜமா அழிக்கணும்னா?"

"அதுக்கு டெலீட்னு வேற ஆணை. புதுசா வர்ற எல்லாருமே இதுல ஏமாந்து போவாங்க. ஆனா சிண்டு ஏமாற மாட்டான். இந்த வாசலைக் கட்டினவனே அவன்தான்! பதிவை அழிக்க நினைச்சிருந்தா சரியான ஆணையைப் போட்டிருப்பான்."

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைக்க மறந்தார்.

"அதாவது... போட்டவனுக்குத் தொழில் அரைகுறை."

"ஆமா சார். யாரோ அவன் சாவியைத் திருடியிருக்காங்க."

"பதிவு இன்னும் இருக்கா?"

"இருக்கணும். டிஸ்க்கை மறுபடி தொட்டியாக் கட்டி, ஒரு புதுப் பேர் வச்சுத் திறந்தாப் போதும். சரிபார்த்துத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

"திறங்க! நான் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் வராந்தாவுக்குப் போனார்.

'தொட்டிக்குப் பெயர்?' என்று திரை கேட்டது.

யோசிக்காமல் அடித்தாள்.

சிண்டு.

இத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது. முன்நெற்றியில் ஒரு கொத்து முடி எப்போதும் நட்டுக்கொண்டு நிற்கும் என்று அவள் வைத்த பெயர். எண்ணெய் வைத்து அழுத்துவாள். மறு நிமிஷம் எழுந்து நிற்கும்.

போன் அடித்தது. கணவன்!

"சொன்னேன்மா. அத்தை மயங்கி விழுந்துட்டாங்க. தண்ணி தெளிச்சுப் படுக்க வச்சிருக்கேன். நீ எப்படி இருக்கே?"

"என்னங்க... என்னங்க! சிண்டு தற்கொலை பண்ணிக்கலை! யாரோ கொன்னிருக்காங்க!"

"என்ன உளர்றே?"

"கேமரா பதிவு அழியலைங்க! தொட்டியை நிறுத்தித்தான் வச்சிருக்காங்க. எந்த மடையனோ டெஸ்ட்ராய்னா அழிச்சுடும்னு நினைச்சிருக்கான். நான் மறுபடி கட்டிட்டேன். சிண்டுன்னு அவன் பேரையே வச்சிருக்கேன். இதோ திறந்துக்கிட்டு இருக்கு!"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"என்னங்க?"

"...நல்லதும்மா. ரொம்ப நல்லது. போலீஸ்ல யார் யாருக்குத் தெரியும்?"

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். புதுப் பேரு மட்டும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்... அவனை நினைச்சு வச்சேங்க..."

"அழாதே. நான் இருக்கேன்ல?"

போன் அணைந்தது.

*

தொட்டி திறந்தது!

"சார், வாங்க!"

இன்ஸ்பெக்டர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

முதலில் தொட்டியின் நிலவரம் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் நெற்றி சுருங்கியது.

"என்னம்மா?"

"மீதி இடம் பூஜ்யம் சார்! விளிம்பு வரைக்கும் ரொம்பிப் போயிருக்கு. நேத்து இதை யாரும் நிறுத்தலை. ரொம்பிடுச்சு! எழுத இடமில்லாததாலதான் ஆம்புலன்ஸ் மெஷின் உறைஞ்சு போச்சு!"

"எப்படி ரொம்பும்? இடம் அளந்துதானே குடுப்பீங்க?"

"அளந்துதான் குடுக்கணும். இதுல இருக்கிற இடத்தைப் போல நாலு மடங்கு வித்திருக்காங்க! எல்லாரும் ஒரே நேரத்துல முழுசாக் கேக்க மாட்டாங்கங்கிற தைரியம். ஒரே கட்டிலை நாலு பேருக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. மூணு பேர் ஊருக்குப் போயிருக்கிற வரைக்கும் வண்டி ஓடும்."

"நேத்து நாலு பேரும் படுக்க வந்துட்டாங்க... சரி, வித்தது யாரு?"

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கேட்டேன்மா."

"...விக்கிறதுக்குக் கையெழுத்துப் போடறது மேனேஜர்தான். ஆனா அவர் அப்படியெல்லாம்... யாராவது ஏமாத்திக் கையெழுத்து வாங்கியிருப்பாங்க சார்."

இன்ஸ்பெக்டர் தும்மினார்.

"பதிவைக் காட்டுங்க."

பட்டியல் கேட்டாள். கேமரா பதிவுகள் வரிவரியாகத் திரையில் ஓடின.

"இதோ சார்! கடைசிப் பதிவைத் திறக்கிறேன்..."

திறந்தாள்.

'அப்படி ஒன்று இல்லை' என்றது திரை.

"என்ன?"

மறுபடி பட்டியல் கேட்டாள். பட்டியல் பாதியாகியிருந்தது!

மறுபடி கேட்டாள்.

நாலே வரி.

"யாரோ அழிக்கிறாங்க சார்! இப்ப! இந்த நிமிஷம்! இது நிஜ டெலீட்!"

"நிறுத்தும்மா!"

விரல்கள் பறந்தன. தன்னுடையது தவிர எல்லாச் சாவியையும் ரத்து செய்யும் ஆணை. எழுத்து தவறியது. மறுபடி அடித்தாள். ரத்தானது.

பட்டியல் கேட்டாள்.

வெறுமை. ஒரு வரிகூட இல்லாத வெறுமை.

"திருப்பி எடுக்க முடியாதா?"

"துடைச்சிட்டு அழிச்சிருக்காங்க சார்..." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணும் கிடைக்காது. இனிமே யார் வந்தாலும் கிடைக்காது."

"யார் சாவி?"

ஆணைப் பதிவைத் திறந்தாள். படித்தாள்.

"சார்... என் தம்பி சாவி!"

வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போன தம்பி... பட்டப்பகலில் தொட்டியை அழித்திருக்கிறான்!

*

கணவன் திரும்பி வந்தபோது அவள் திரையை வெறித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரம்மாவை அத்தைகூட விட்டுட்டு வந்தேன். என்னாச்சு? பதிவு கிடைச்சுதா?"

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார்.

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"கடவுளே... இப்பப் புரியுது சார். அவன் புரோகிராமர். குறிப்பிட்ட நேரத்துல தானா ஓடற மாதிரி ஒரு புரோகிராம் வச்சிட்டுப் போயிருப்பான். காலையில நிறுத்து, அப்புறம் அழி. சாகறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணியிருக்கான்!"

"அப்படி முடியுமா?"

"சர்வசாதாரணம். இவளையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்.

"முடியும் சார்," என்றாள்.

வேறு என்ன சொல்வாள்? முடியும்தான். அவளே அப்படி எத்தனையோ வைத்திருக்கிறாள்.

"அப்பத் தற்கொலைதான்." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா பதிவு இல்லை, சாட்சி இல்லை. ஆம்புலன்ஸ் விவகாரமும் அவர் தலையிலதான் விடியும். செத்தவர்கிட்ட வாக்குமூலம் வாங்க எனக்குத் தெரியாது."

கணவன் அவள் கையைப் பற்றினான்.

"வாம்மா... வீட்டுக்குப் போலாம். விதி. நாம என்ன பண்ண முடியும்?"

அவள் எழுந்தாள். கம்ப்யூட்டரை அணைக்கக் குனிந்தாள்.

ஆணைப் பதிவின் கடைசி வரி இன்னும் திரையில் இருந்தது. சாவி, ஆணை... அதற்கடுத்து, எந்தத் தொட்டி என்கிற பெயர்.

சிண்டு.

அவள் அப்படியே நின்றாள்.

ஒரு முறை படித்தாள். மறுமுறை படித்தாள். தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த முகம். முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏங்க..."

"என்னம்மா?"

"அந்தத் தொட்டியோட பழைய பேரு என்ன?"

"ஏதோ நம்பர்... ஏன்?"

"இன்னைக்குக் காலையில நான் வச்ச பேரு சிண்டு."

"அதுக்கென்ன இப்ப?"

"டெலீட் ஆணை 'சிண்டு'ங்கிற பேருக்கு வந்திருக்கு." அவள் குரலில் கோபமில்லை. அழுகையில்லை. ஒன்றுமே இல்லை. "அவன் செத்ததுக்கப்புறம் வச்ச பேருங்க இது. அவன் வச்சிட்டுப் போன புரோகிராமுக்கு இந்தப் பேரு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டரின் தொப்பி மேஜைக்குத் திரும்பியது.

"அது... அது எல்லாத் தொட்டியையும் தேடி அழிக்கிற மாதிரி எழுதியிருப்பான்..."

"அப்ப மத்த தொட்டியெல்லாம் ஏன் அப்படியே இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? யாராவது..."

"யாருக்கும் தெரியாதுங்க. இன்ஸ்பெக்டர் சாருக்கே நான் சொல்லலை. ஒரே ஒருத்தர்கிட்டதான் போன்ல சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"லேப்டாப் பையைக் கொஞ்சம் குடுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். மிக மரியாதையாக.

"இது கம்பெனி சொத்து! வாரண்ட் இல்லாம..."

"நானும் கம்பெனி ஆள்தான் சார்," என்றாள் அவள் இன்ஸ்பெக்டரிடம். பையை அவளே உருவினாள். அவன் தடுக்க எழுந்தான். கதவருகே நின்ற கான்ஸ்டபிள் அவனை நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

லேப்டாப்பைத் திறந்தாள். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவசரத்தில் அடித்த ஆணைகள், அடித்தபடியே. பக்கத்தில், சிண்டுவின் சாவி.

"சொல்லுங்க," என்றாள். "எப்படிக் கொன்னீங்க?"

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். கான்ஸ்டபிளைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்தான்.

"நாலு மடங்கு வித்தது நான்தான். எல்லாக் கம்பெனியிலயும் விக்கிறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, எனக்கு மட்டும்... நேத்து ஆச்சு. அவன் கண்டுபிடிச்சிட்டான். 'பழியை நான் ஏத்துக்க முடியாது மாமா. செத்துப்போனவங்க வீட்டுக்கு உண்மை தெரியணும். முதல்ல அக்காகிட்ட சொல்றேன்'னான். கெஞ்சினேன். காலைப் பிடிச்சேன்டி. கேக்கலை."

"அப்புறம்?"

"விடிகாலையில உள்ளே வேலை பார்த்துக்கிட்டிருந்தான். காதுல அந்த இரைச்சல் தடுப்பான். பழைய பேட்டரி அடுக்கின தள்ளுவண்டியைக் கதவுக்கு முட்டுக்குடுத்து நிறுத்தினேன். வெளி விசையை இழுத்தேன்..."

"சத்தம் போட்டானா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்கறேன்ல! சத்தம் போட்டானா?"

"தட்டினான்... கொஞ்ச நேரம்தான். 'மாமா, கதவு மாட்டிக்கிச்சு, திறங்க மாமா'ன்னான். நான் பக்கத்து அறையில இருக்கேன், காப்பாத்த வருவேன்னு நினைச்சிருக்கான்..."

அவள் கத்தவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. மழைக்கோட்டு தொங்கிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தாயிற்று. கொலைகாரன் கிடைத்துவிட்டான். அதனால் என்ன? சிண்டு வருவானா? அந்தப் பிள்ளைத்தாச்சி எழுந்து வருவாளா? தொட்டி மாதிரி மறுபடி கட்டிப் புதுப் பெயர் வைத்துத் திறக்கிற சங்கதியா இது?

பக்கத்து மேஜையில் அவள் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. முதலில் கேட்ட பட்டியல், மேலே, அழியாமல் அப்படியே நின்றது. தொட்டியில் எதுவும் இல்லை. ஆனால் என்னென்ன இருந்தன என்று வந்த பதில் மட்டும் திரையில் தங்கிவிட்டது.

பார்வை கடைசிப் பதிவின் தேதியில் விழுந்தது.

நேற்று. மத்தியானம்.

சிரித்தாள்!

கான்ஸ்டபிள் பயந்துபோனார். "மேடம்... தண்ணி குடிங்க மேடம்..."

"ஏங்க," என்றாள் கணவனைப் பார்த்து. "எதுக்குங்க அந்தப் பதிவை அழிச்சீங்க?"

"என் முகம் இருக்குமே... தள்ளுவண்டியை முட்டுக்குடுத்தது, விசையை இழுத்தது, அப்புறம் வண்டியை எடுத்தது..."

"இல்லைங்க. ஒண்ணுமே இல்லை."

"என்ன?"

"நேத்து மத்தியானமே தொட்டி ரொம்பிடுச்சு. ஆம்புலன்ஸ் மெஷினுக்கு எழுத இடமில்லைன்னா கேமராவுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்? அதுவும் அதே நிமிஷம் நின்னுபோச்சு. ஆம்புலன்ஸை மாத்தினீங்க. கேமராவை யாருமே நினைக்கலை. இன்னைக்குக் காலையில நடந்தது எங்கேயும் பதிவாகவே இல்லை!"

அவன் வாய் திறந்தது. மூடவில்லை.

"அதாவது..." இன்ஸ்பெக்டர் மெல்லச் சொன்னார். "இவர் பேசாம வீட்ல உக்காந்து மாமியாருக்கு விசிறிக்கிட்டிருந்தா?"

"தற்கொலைன்னு எழுதி மூடியிருப்பீங்க சார். நானும் இவர் தோள்லயே சாஞ்சு அழுதுக்கிட்டு இருந்திருப்பேன். சாகற வரைக்கும்."

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். இப்போதுதான் உண்மையாகவே அழுதான்.

போன் அடித்தது. வீட்டு நம்பர். அவள் எடுத்தாள்.

"ஏண்டி..." அம்மாவின் குரல் உடைந்து வந்தது. "மாப்பிள்ளை அங்கே வந்துட்டாரா? பாவம், எனக்குச் சொல்லும்போது அவரே தேம்பித் தேம்பி அழுதுட்டார். சிண்டுதான் போயிட்டான்... இனிமே நமக்கு அவர்தானே எல்லாம்? பத்திரமாக் கூட்டிட்டு வாடி..."

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே ஜீப் நின்றது. விலங்கு மாட்டிய கையோடு அவனை ஏற்றினார்கள். ஏறும்போது இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து மேனேஜர் குரலில் கேட்டான்.

"சார்... படிச்சவன் நான். உள்ளே எனக்குத் தனி அறை கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்கைத் துடைத்தார்.

"நாலு பேருக்குக் கட்டின அறைல பதினாறு பேரைப் போட்டிருக்கோம் சார். எல்லாரும் ஒரே நேரத்துல படுக்க மாட்டாங்கங்கிற தைரியம்தான்... உங்களுக்குத் தெரியாத கணக்கா!"